மூன்றாம் நிலை

நகராட்சியிலிருந்து முரோயி அம்மா வருகிற அன்று இசாமு வீட்டைப் பெருக்கவில்லை. மனைவி ஃபுசாயேவுக்குத் தலை வாரிவிடவில்லை. முந்தின நாள் கவிழ்ந்த சூப்பின் கறையையும் பாயில் அப்படியே விட்டுவைத்தார். விருந்தாளி வரும் வீட்டை வேண்டுமென்றே அலங்கோலமாக வைத்திருப்பதை நினைக்க அந்த வயதிலும் அவருக்கு உடம்பு கூசியது. ஆனால் போன முறை பட்ட பாடு அப்படி.

முதியோர் பராமரிப்புக் காப்பீட்டை அரசாங்கம் கொண்டுவந்த நாளிலிருந்து அவர் சம்பளத்தில் பிடித்தார்கள். வேலை முடிந்த பிறகு ஓய்வூதியத்தில் பிடித்தார்கள். ஒழுங்காகக் கட்டிவந்தால் வேண்டிய நாளில் அது தானாக வந்து கதவைத் தட்டும் என்று மனிதர் நம்பிக்கொண்டிருந்தார். அது எங்கே தட்டியது? அந்தக் காப்பீட்டுக்கு வியாதியின் பெயர் பெரிதில்லை. ஒருவரைப் பார்த்துக்கொள்ள இன்னொருவர் எவ்வளவு நேரம் மாரடிக்க வேண்டும், அதுதான் அதற்குக் கணக்கு. நகராட்சியிலிருந்து நேரில் ஆள் வந்து பார்த்து, கேட்டு, எழுதிக்கொண்டு போவார்கள். பிறகு ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு நிலை வரும்; சிரமம் கூடக் கூட எண்ணும் கூடும். ஃபுசாயேவுக்கு வந்தது ஒன்று. மலையடிவாரத்து முதியோர் இல்லத்தில் மூன்றுக்குக் கீழே உள்ளவர்களைச் சேர்க்கவே மாட்டார்கள்.

இசாமுவுக்கு இதய வால்வு மாற்றியாக வேண்டும். அவளை விட்டுப் போக இடமில்லாமல் அவர் அறுவைச் சிகிச்சையைத் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார். இனியும் தள்ளினால் நான் பொறுப்பில்லை என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். பிள்ளைகள் கிடையாது. தான் ஒரு நாள் அடுப்படியில் சுருண்டு விழுந்தால், பக்கத்தில் உட்கார்ந்து சோறு கேட்டுக்கொண்டிருப்பாளே தவிர, அவளுக்கு ஒன்றும் விளங்காது. அந்தக் காட்சி அவர் கண்ணை விட்டுப் போகவே இல்லை.

போன முறை நடந்த கூத்தைக் கேளுங்கள். ஃபுசாயே அந்த வெந்நீரூற்று ஊரின் பெரிய விடுதியில் காலமெல்லாம் விருந்தாளிகளைக் கவனித்தவள், பணிப்பெண்களுக்கெல்லாம் தலைவி. இப்போது மறதி நோயில் அவளுக்குப் பகல் எது இரவு எது தெரியாது, கழிவறை எங்கே என்று தெரியாது. ஆனால் வாசல் மணி அடித்தால் போதும். அன்றும் ஓடிப்போய் மண்டியிட்டு, கைகளை முன்னால் வைத்து, நெற்றி தரையில் படக் கும்பிட்டாள். கையைத் தூக்கச் சொன்னால் தூக்கினாள். ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னால் நின்றாள். இது என்ன காலம் என்று முரோயி அம்மா கேட்டதற்கு, "குளிர் வந்து நண்டு சீசன் ஆரம்பிச்சாச்சேம்மா, இனிமே எங்ககிட்ட ரூமே கெடைக்காது" என்றாள். முரோயி அம்மா சிரித்துவிட்டாள்.

கடைசியில் அவரைப் பார்த்து, "உங்களுக்கு ரொம்பச் சிரமமா இருக்கா ஐயா?" என்று கேட்டாள். அந்த ஊரில் எவன் ஆமாம் என்பான்? "பெருசா ஒண்ணுமில்லீங்க, உங்க புண்ணியத்துல ஏதோ ஓடுது" என்றார் இசாமு. அதை அவள் அப்படியே எழுதிக்கொண்டாள். உண்மையை வாசலில் தனியாகச் சொல்லலாம் என்று பார்த்தார். விருந்தாளியை வழியனுப்புவது ஃபுசாயேவின் வேலையல்லவா? கார் கண்ணை விட்டு மறையும் வரை அவளே குனிந்து நின்றாள். பிறகு போனில் சொல்லலாம் என்று எடுத்தால் அங்கேயும் பக்கத்தில் வந்து நின்றாள். கட்டிய மனைவியை வைத்துக்கொண்டே அவள் அசிங்கத்தை அடுத்தவரிடம் எப்படிச் சொல்வது?

அவர்களுக்கு உதவிகளை ஏற்பாடு செய்து தரும் ஹமாதே என்ற பெண்தான் மறுபடி பார்க்கச் சொல்லி விண்ணப்பம் போட்டாள். "உங்க மரியாதையெல்லாம் மடிச்சு அலமாரியில வச்சுட்டு, வாயைத் தொறந்து அழுங்க ஐயா. அழாம அவங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று கத்திவிட்டுப் போனாள்.

மணி அடித்தது. பரட்டைத் தலையோடு மூலையில் உட்கார்ந்திருந்த ஃபுசாயே எழுந்தாள். போகிற போக்கில் முடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டாள். முரோயி அம்மாவை உள்ளே அழைத்துவந்து, கறை இருந்த இடத்தில் உட்காரும் திண்டை இழுத்துப் போட்டு மூடி, அதன்மேலேயே அவளை உட்காரவைத்தாள். இசாமுவுக்குச் சப்தநாடியும் ஒடுங்கிவிட்டது.

கேள்விகள் தொடங்கின. பெயர் சொன்னாள், பிறந்த தேதி சொன்னாள். பேனா, கத்தரிக்கோல், கைக்கடிகாரம் மூன்றையும் காட்டி மறைத்துவிட்டு, என்னென்ன பார்த்தீர்கள் என்று முரோயி அம்மா கேட்டாள். "விருந்தாளிங்க சாமானை நாங்க பாக்கறதில்லீங்க. அது மரியாதை இல்லை" என்றாள் ஃபுசாயே.

முரோயி அம்மா மறுபடியும் சிரித்தாள். சிரித்தபடியே திரும்பி, "ஐயா, நான் பாத்ததையும் கேட்டதையும்தான் எழுத முடியும். உங்களுக்குச் சிரமம் இருக்கா?" என்றாள்.

நாக்கு நுனி வரை அந்தப் பழைய பதில் வந்துவிட்டது. இசாமு அதை விழுங்கினார்.

"இருக்கு" என்றார். அதற்கு மேல் நிறுத்த முடியவில்லை. "ராத்திரி ராத்திரி விருந்தாளி பஸ் வருதுன்னு தெருவுக்கு ஓடிடறா. நான் தூங்கி எத்தனை நாளாச்சோ. வெளிக்கு வந்தா எங்க போறதுன்னு தெரியாது. கையில எடுத்து, துணிக்கு நடுவுல மடிச்சு அலமாரியில வைக்கறா. கழுவிவிடப் போனா கடிக்கறா." சட்டைக் கையை மேலே தள்ளிக் காட்டினார். பழைய தழும்பும் புதுத் தழும்புமாக இருந்தது. ஃபுசாயே இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

"போன மாசம் இவளைக் கார்ல உக்கார வச்சு அணைக்கட்டுக்கு ஓட்டிட்டுப் போனேன். ரெண்டு பேரும் ஒண்ணாப் போய்ச் சேந்துடலாம்னுதான். வண்டியை நிறுத்தி நான் என் சீட் பெல்ட்டைக் கழட்டினேன். இவ எட்டி அதை மறுபடி மாட்டிவிட்டா. 'பத்திரமாப் போகணுங்க'ன்னு சொன்னா. திரும்பி வந்துட்டேன். அடுத்த தடவை திரும்பி வருவேனான்னு எனக்கே தெரியலம்மா."

அவர் அழுதார். எழுபது வருஷத்தில் இன்னொருவர் முன்னால் அவர் அழுதது அதுதான் முதல் முறை. முரோயி அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை.

தோளில் ஒரு கை பட்டது. ஃபுசாயே அருகில் வந்து மண்டியிட்டிருந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"ஐயா, ரொம்ப நொந்து போயிருக்கீங்க" என்றாள். "உங்க வீட்டம்மாவை ஒரு நல்ல எடமாப் பாத்துச் சேத்துருங்க. நானும் ஒருத்தருக்குப் பொண்டாட்டிதான், அதனால சொல்றேன். அவங்க உங்களைத் தப்பா நினைக்க மாட்டாங்க."

முரோயி அம்மாவின் பேனா நின்றது. குரலைத் தாழ்த்தி, "அம்மா, இவர் யாருன்னு தெரியுதா?" என்று கேட்டாள்.

"புது விருந்தாளின்னு நினைக்கறேன். தனியா வந்திருக்காரு, பாவம்."

"உங்க வீட்டுக்காரர் எங்கம்மா?"

"வேலைக்குப் போயிருக்காரு, சாயங்காலம் வந்துடுவாரு. நான் பக்கத்துல இல்லேன்னா அவருக்கு ஒரு வாய் சோறு எறங்காது" என்றாள் ஃபுசாயே.

முரோயி அம்மா குனிந்து எழுதத் தொடங்கினாள். நெடுநேரம் எழுதினாள். எதை எழுதுகிறாள் என்று இசாமுவுக்குத் தெரிந்தது. அதற்காகத்தான் அவர் வீட்டைப் பெருக்காமல் விட்டார், வாயைத் திறந்தார். எழுதாதீர்கள் என்று அவள் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலை மடித்து, விருந்தாளி உட்காருவதுபோல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"உங்க வீட்டுக்காரர் கொடுத்து வச்சவருங்க" என்றார்.

ஃபுசாயே வெட்கப்பட்டு, கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.