பகலில் வீட்டில் இருப்பவர்

அவன் வேலை பார்ப்பது ஒரு கம்பெனியின் கொள்முதல் பிரிவில். அங்கே ஒரு துடைப்பம் வாங்குவதென்றாலும் மூன்று கடையில் விலை கேட்டு, கொட்டேஷன் வாங்கி, ஒப்பிட்டு, மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும். துடைப்பம் வந்து சேர்வதற்குள், கேட்ட ஆள் வேலையை விட்டே போயிருப்பார். இந்தப் பழக்கத்தை அவன் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டதால் அப்பா அவனுக்குக் கொட்டேஷன் என்று பெயர் வைத்திருந்தார். பெற்றவர்கள் யோசித்து வைத்த பெயரைவிட இதுதான் பொருந்தியது.

அப்பா பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போன மாதம் குளியலறை வாசலில் சரிந்து விழுந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு, ஒரு பை நிறைய மாத்திரையுடன் திரும்பி வந்தார். கிளம்பும்போது டாக்டர் சொன்னார்: "இதயம் பாதிதான் வேலை செய்யுது. திடீர்னு நின்னாலும் நிக்கலாம். வீட்ல யாராவது ஒருத்தர் சிபிஆர் கத்துக்கங்க. நின்னுடுச்சுன்னா ஆம்புலன்சுக்குப் போன் பண்ணிட்டு, அவங்க வர்ற வரைக்கும் நெஞ்சை நிறுத்தாம அமுக்கி அமுக்கி எடுத்துட்டே இருக்கணும்."

"பாதி வேலைன்னா அரைச் சம்பளம்தான் டாக்டர்," என்றார் அப்பா.

டாக்டர் சிரிக்கவில்லை. அதில்தான் கொட்டேஷனுக்கு விஷயம் புரிந்தது.

பயத்துக்கு அவனுக்குத் தெரிந்த மருந்து ஒன்றுதான். அன்றே உட்கார்ந்து, ஊரில் யார் யார் இந்தப் பயிற்சி தருகிறார்கள் என்று தேட ஆரம்பித்தான். ஒரு ஓட்டலில் நடக்கும் வகுப்பில் மதியச் சாப்பாடு உண்டு. பாடத்தைவிடச் சாப்பாட்டைப் பற்றித்தான் விளம்பரத்தில் நிறைய எழுதியிருந்தது. ஒரு ஆஸ்பத்திரி வகுப்பு நர்சுகளுக்கு மட்டும். ஒரு முதலுதவிச் சங்கம் பழைய மண்டபம் ஒன்றில் பொம்மை வைத்துச் சொல்லித்தந்தது. அதன் விளம்பரத்தில் எழுத்துப்பிழை இருந்ததால் அதை அவன் கடைசியில் தள்ளினான். இன்னொன்று இணையத்தில். வீடியோ பார்த்தால் போதும், சான்றிதழ் உடனே.

இணைய வகுப்பு வென்றது. பல் தேய்த்துக்கொண்டே வீடியோவைப் பார்த்து முடித்தான். மறுநாள் அலுவலகத்தில் கலர் பிரிண்ட் எடுத்து அப்பாவிடம் காட்டினான்.

அப்பா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார். "நல்லாருக்குடா. கனமா ஒரு சட்டம் போடு. எனக்கு ஏதாவது ஆச்சுன்னா அதை என் நெஞ்சு மேல வை. அதுவே அமுக்கட்டும்."

அம்மா அடுப்படியிலிருந்து, "வாயை வைக்காதீங்க," என்றாள்.

அப்பா சொன்னதைச் சிரித்துத் தள்ளிவிட அவனால் முடியவில்லை. படுக்கப் போனவன் தலையணையை அமுக்கிப் பார்த்தான். தலையணைக்கு ஒன்றும் தெரியவில்லை, அவனுக்கும்தான். அந்த வார ஞாயிறு எழுத்துப்பிழை மண்டபத்துக்குப் போனான்.

சொல்லித்தந்தவர் ஆம்புலன்சில் பல வருஷம் ஓடிய நர்ஸ். குரல் மட்டும் அந்த வண்டியை விட்டு இன்னும் இறங்கவில்லை. தரையில் இடுப்புக்குக் கீழே ஒன்றுமில்லாத ஒரு ரப்பர் பொம்மை கிடந்தது. சரியான ஆழத்துக்கு அமுக்கினால் அதன் உள்ளே 'டிக்' என்று சத்தம் வரும். கொட்டேஷன் மண்டியிட்டான். கை மேல் கை வைத்து, முழங்கையை மடக்காமல் அமுக்கினான். டிக், டிக், டிக். பக்கத்திலிருந்த உடற்பயிற்சிக்கூட ஆசாமிக்கே அவ்வளவு வரவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு வேலையை விலை கேட்காமல் செய்கிறோம் என்று அவனுக்குத் தோன்றியது.

"நல்லா பண்றீங்க தம்பி," என்றார் நர்ஸ். "யாருக்காகக் கத்துக்கறீங்க?"

"அப்பாவுக்கு மேடம்."

"வேலைக்குப் போறீங்களா?"

"ஆமா. காலைல போனா ராத்திரிதான்."

"பகல்ல அவர்கூட யாரு இருக்காங்க?"

"அம்மா."

"அப்ப நீங்க ஏன் வந்தீங்க?"

உடற்பயிற்சிக்கூட ஆசாமி சிரித்தான். கொட்டேஷன் பொம்மையைப் பார்த்தான். கட்டணம், நேரம், சாப்பாடு, சான்றிதழ், பொம்மை எல்லாவற்றையும் ஒப்பிட்டிருந்தான். அப்பா விழும்போது பக்கத்தில் யார் இருப்பார்கள் என்பதை மட்டும் ஒப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அம்மாவை அழைத்துப் போனான். அம்மா சலவைக்கடையில் காலமெல்லாம் நின்றபடி துணி தேய்த்தவள். முட்டிகள் மடங்குவதை எப்போதோ விட்டுவிட்டன. மணிக்கட்டுகள் சோற்றுப் பானையை இறக்கவே முனகும். பொம்மையின் முன் நின்று, "இது ஆம்பளையா பொம்பளையா?" என்று கேட்டாள்.

"எதுவா இருந்தா என்னம்மா. அமுக்கற நெஞ்சு எல்லாருக்கும் ஒண்ணுதான்," என்றார் நர்ஸ்.

மண்டியிட வைக்க இரண்டு பேர் பிடித்தார்கள். பாதியிலேயே அம்மா கத்திவிட்டாள். பொம்மையைத் தாழ்வான பெஞ்சுக்குத் தூக்கினார்கள். அம்மா கையை வைத்து, முகத்தைச் சுளித்து, அமுக்கினாள். டிக் வரவில்லை. இன்னொரு தடவை. பொம்மை வாயைத் திறந்தபடி பேசாமல் கிடந்தது.

"ஐயா எப்படி? பருமனா?" என்று கேட்டார் நர்ஸ்.

"பஸ்சு ஓட்டினவர். அந்த பஸ்சு மாதிரியே இருப்பார்."

நர்ஸ் பொம்மையைத் தரையில் போட்டு, ஒரு நாற்காலியை அதன் பக்கத்தில் இழுத்துப் போட்டார். "நாற்காலி முதுகைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. ஒரு கால் தரையில. இன்னொரு கால் குதிகாலை நெஞ்சுக்கு நடுவுல வச்சு அமுக்குங்க. கையாலதான் பண்ணணும், அதான் முறை. கை முடியவே முடியாதவங்க சும்மா நின்னு பார்க்கறதுக்கு இது மேல்."

"காலாலயா?"

"குதிகாலால."

"மிதிக்கச் சொல்றீங்களா?"

"அமுக்கச் சொல்றேன்மா."

"அவர் நெஞ்சு மேலயா?"

"இது பொம்மைதாம்மா."

"இப்ப பொம்மை. அப்புறம்?"

அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு சுவரோரம் போய் உட்கார்ந்தாள். வகுப்பு முடியும் வரை எழவில்லை. சான்றிதழ் கொடுத்தார்கள், வந்தவர்கள் எல்லோருக்கும் கொடுப்பார்களாம். அம்மா அதை வாங்கவில்லை.

வீட்டில் அப்பா கட்டிலில் சாய்ந்து காத்துக்கொண்டிருந்தார். "என்ன, எஞ்சினை ஸ்டார்ட் பண்ணக் கத்துக்கிட்டியா?"

அம்மா நேரே அடுப்படிக்குப் போனாள். கொட்டேஷன்தான் நடந்ததைச் சொன்னான். அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்க நேரமாகி, நின்றபின் முகத்தில் ஒரு சாம்பல் நிறம் தங்கியது.

"இத்தனை வருஷமா மனசுக்குள்ள மிதிச்சிருப்பாடா. எத்தனை தடவைன்னு கேளு."

"எண்ணல," என்று அடுப்படியிலிருந்து பதில் வந்தது. "எண்ணியிருந்தா பைத்தியம் பிடிச்சிருக்கும்."

அதன்பிறகு அந்த வீட்டில் பேச்சு குறைந்தது. அம்மா கோபமாக இல்லை. ஆனால் அப்பா தூங்கும்போதெல்லாம் வாசலில் நின்று அவர் வயிறு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத் தன் மணிக்கட்டுகளைத் தேய்த்துக்கொண்டாள். பகலுக்கு ஒரு ஆள் வைக்கலாமா என்று கொட்டேஷன் இரண்டு இடத்தில் விசாரித்தான். மூன்றாவது இடத்தைக் கேட்க அவனுக்கு மனம் வரவில்லை. அலுவலகத்தில் வீட்டு எண் செல்போனில் தெரிந்தால், எடுப்பதற்கு முன் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். பெரும்பாலும் அம்மா கொத்தமல்லி வாங்கிவரச் சொல்லத்தான் கூப்பிடுவாள்.

ஒரு விடுமுறை நாள் மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு, அப்பா கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கினார். இறங்கியவர் தரையில் உட்கார்ந்தார். உட்கார்ந்தவர் அப்படியே மல்லாந்து படுத்துவிட்டார். அம்மா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

"ஒண்ணும் ஆகல. படுத்துத்தான் இருக்கேன்," என்றார் அப்பா. "டேய் கொட்டேஷன், அந்த சாப்பாட்டு மேஜை நாற்காலி ஒண்ணை இப்படிப் போடு."

"என்ன விளையாட்டு இது? எந்திரிங்க," என்றாள் அம்மா.

"மெத்தை மேல அமுக்கினா பிரயோசனம் இல்லையாமே. இவன்தான் சொன்னான். என்னை நீ கீழ இறக்குவியா? உன்னால ஆகுமா? நான் இனிமே கீழயே படுத்துக்கறேன். விழற வேலை மிச்சம்."

"கீழ கிடத்துற பேச்செல்லாம் பேசாதீங்க."

"கிடத்தல. நானாத்தான் வந்தேன். வா. காலை வை."

அம்மா விழுந்த தட்டைப் பொறுக்கினாள்.

"வைடீ. அமுக்க வேணாம். சும்மா வச்சுப் பாரு. பழகிக்கோ." அப்பாவின் குரலில் கேலி போய்விட்டிருந்தது. அது இல்லாத குரலை அவன் அதற்குமுன் கேட்டதில்லை. "நான் சொல்லித்தானே வைக்கிற. அன்னிக்கு என்னால சொல்ல முடியாது. அதான் இப்பவே சொல்லிடறேன்."

அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்தாள். ஈரம் போக்குவது போலக் காலைப் புடவை ஓரத்தில் துடைத்தாள். பிறகு தூக்கி, பனியனுக்கு மேல், நெஞ்சின் நடுவில், ஒரு பூனைக்குட்டியை வைப்பது போல வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். அப்பா விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"துடிக்குது," என்றாள் அம்மா.

"துடிக்கும்."

"நடுவுல நடுவுல விடுது."

"கியர் மாத்துது. எடு போதும், கனமாயிருக்கு."

அம்மா உடனே எடுக்கவில்லை.

அப்பாவை மறுபடி எழுப்பி உட்கார வைக்க அவனும் அம்மாவும் சேர்ந்து பட்ட பாடு கொஞ்சமல்ல. அக்குளில் கைகொடுத்துத் தூக்கியபோதுதான் அவர் எவ்வளவு கனம் என்பது அவனுக்குத் தெரிந்தது. அன்று முதல் அவர் படுக்கை தரைக்கு வந்தது. மடித்த ஜமக்காளம் ஒன்று, தலையணை ஒன்று. நாற்காலி அங்கேயே நின்றது.

சாப்பாட்டு மேஜைக்கு மூன்று நாற்காலிகள்தான், அதில் ஒன்று இப்போது அப்பாவின் பக்கத்தில். இன்னொன்று வாங்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. கொட்டேஷன் எங்கும் விலை கேட்கவும் இல்லை. மறுநாள் காலை அவன் நின்றுகொண்டே சாப்பிட்டுவிட்டு அலுவலகத்துக்குக் கிளம்பினான்.