முட்டை அட்டையில் நாலு வண்ணம்

எழிலன் சிவப்பு மூடியைச் சிவப்புக் குழியில் போட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மூன்றரை வயசுப் பிள்ளை. செஞ்சி பஸ் ஸ்டாண்டில் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவன் நான். சவாரிக்கு நடுவே பாட்டில் மூடிகளைப் பொறுக்கி வந்து, முட்டை அட்டையில் வரிசைக்கு ஒரு பெயின்ட் அடித்து, அந்தந்த நிற மூடி அந்தந்தக் குழிக்கு என்று நானே செய்த விளையாட்டு. கடையில் வாங்கியதில்லை. இதைச் சொல்லாமல் ஸ்டாண்டில் ஒருத்தரையும் நான் விட்டதில்லை.

பெருமைக்கு அடியில் பயமும் இருந்தது. என் மனைவி வளர்மதியின் அண்ணனுக்குச் சிவப்பும் பச்சையும் ஒன்றுதான். டிரைவர் வேலைக்குப் போனவரைக் கண் பரிசோதனையில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தாய்மாமனுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரலாம் என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து வளர்மதிக்குச் சோறு இறங்கவில்லை. இவனோ கொத்தமல்லியையும் பச்சை என்பான், தக்காளியையும் பச்சை என்பான். அதற்குத்தான் இந்த முட்டை அட்டை. பத்தே நாளில் ஒரு மூடிகூடத் தப்பாமல் போட்டான். என் பிள்ளையாயிற்றே!

என் அக்கா மங்கை வந்தபோது சும்மா இருந்திருக்கலாம். இருக்க முடிந்தால்தானே. பிள்ளையை உட்காரவைத்தேன். அக்கா நன்றாகப் பார்க்கட்டும் என்று அட்டையை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன். வழக்கம்போல நிறம் நிறமாக மூடிகளை நான் எடுத்துக் கொடுக்க, எழிலன் கடகடவென்று போட்டான். சிவப்பு மூடி எல்லாம் பச்சைக் குழியில், பச்சை மூடி எல்லாம் சிவப்பில், மற்ற இரண்டு நிறமும் இடம் மாறி. மாமனைப் போலவே என்று அக்கா மெதுவாகத்தான் சொன்னாள். எனக்கு வந்த கோபத்தில் அவளுக்குக் காபிகூடக் கொடுக்கச் சொல்லவில்லை.

அவள் போனதும் வளர்மதி அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தெனம் ஒரே பக்கமா வெச்சு, ஒரே வரிசையா மூடிய எடுத்துக் குடுத்திருக்க நீ. அவன் கலர கத்துக்கல, எடத்த கத்துக்கினான்.”

ஆக, அவன் கண்ணைப் பற்றி இதுவரை எங்களுக்கு ஒன்றுமே தெரியாது.

மறுநாள் அமாவாசை. ஆட்டோவுக்குத் திருஷ்டி சுற்ற வளர்மதி ஆரத்தி கரைத்தாள். மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விழுந்ததும் தட்டு முழுக்கச் சிவந்தது. எழிலன் குனிந்து பார்த்தான்.

“மஞ்ச எங்க போச்சு நைனா?”

நானும் வளர்மதியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாறியது அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஆனால் எதுவாக மாறியது என்று தெரிந்ததா? கேட்கப் பயமாக இருந்தது. சுற்றி முடித்துத் தட்டை வாசலில் வைத்ததும் உள்ளங்கையை அதில் முக்கி எடுத்தான்.

அதற்குள் மேல்மலையனூர் போகிற இரண்டு பெண்கள் பஸ் ஸ்டாண்டுக்கு என்று ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். இந்தப் பக்கம் பச்சைச் சேலை, அந்தப் பக்கம் சிவப்பு. பிள்ளை ஈரக் கையோடு ஓடினான். பச்சைச் சேலை முழங்காலுக்கு நேரே கையைத் தூக்கினான். நிறுத்தினான். உள்ளங்கையைப் பார்த்தான், சேலையைப் பார்த்தான். பிறகு ஆட்டோவைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போய், சிவப்புச் சேலைமேல் பொத்தென்று கையை வைத்து அழுத்தினான்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். வாயில் வந்தது வேறு.

“இன்னொரு வாட்டி வைடா.”

அந்த அம்மா பதறிப்போய் மடியைக் குனிந்து பார்த்தார். கை பட்ட இடத்தில் ஈரம் மட்டும் தெரிந்தது. சிவப்போடு சிவப்பு சேர்ந்து நிறம் தெரியவில்லை.