தேன்கூட்டுக் கல்லில் திருநீறு

ஆயுத பூஜை லீவுக்கு மாரண்டஹள்ளி போய்விட்டு ஓசூர் ஆலைக்குத் திரும்பிய இன்ஜினியர் செபாஸ்டின், வந்ததும் வராததுமாக கேஸ் டர்பைனை ஓட்டச் சொன்னான். புகைபோகும் குழாய்க்குள் ஜப்பானிலிருந்து தருவித்த வினையூக்கிக் கல் இருந்தது. தேன்கூடு மாதிரி உடம்பெல்லாம் துளை. புகையோடு அம்மோனியாவைக் கலந்து அதற்குள் விட்டால், நைட்ரஜன் ஆக்சைடு என்கிற நஞ்சு வெறும் நைட்ரஜனும் நீராவியுமாக மாறிவிடும். லீவுக்கு முந்தின சோதனையில் அழகாக மாறியது. இன்றோ நஞ்சின் அளவைக் காட்டும் மீட்டர் முள் இறங்குவேனா என்றது.

டர்பைனை நிறுத்தி, சூடு ஆறியதும் கல்லைக் கழற்றினால், நெற்றியில் போடுவதுபோல் மூன்று பட்டைத் திருநீறு!

"எல்லா மெசினுக்கும் போட்டமுங்க சார்," என்றார் மூத்த ஃபிட்டர் ஆண்டி, பெருமையாக. "இது வெளிநாட்டுச் சாமானாச்சே, குறை வெக்கக் கூடாதுன்னு குழாயிலருந்து கழட்டி ஓட்டைக்குள்ளயும் கரைச்சு ஊத்துனமுங்க."

"ஐயோ, சாம்பல்ல இருக்கிற உப்பு இந்தக் கல்லையே கொன்னுடும், ஆண்டியண்ணே!"

ஆண்டியின் முகம் சுண்டிப்போனது. "நீங்க வேதக்காரருங்க. எங்க திருநீறு உங்களுக்குச் சாம்பலாத்தான் தெரியும்."

இதற்கு மேல் எந்த வேதியியலைச் சொன்னாலும் அது மதச் சண்டையாகத்தான் முடியும். செபாஸ்டின் எரிச்சலை விழுங்கிக்கொண்டான்.

"சரிங்கண்ணே, போனது போவட்டும். ஸ்டோர்ல பெட்டிக்குள்ள இன்னொரு கல்லு இருக்கு. அதையாவது தொடாம வுடுங்க."

ஆண்டி அவனைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"அதை வுட்ருவமா சார்? பெட்டியப் பிரிச்சு, மொத பட்டையே அதுக்குத்தானுங்க போட்டோம்."