வெள்ளத்தை அடைத்தவர்

கல்முனைக் கடைத்தெருவில் ஒரு புடவைக்கடையின் மேல்மாடியில், வெளிவாரிப் பட்டப்படிப்புக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வரலாறு படிப்பித்துக்கொண்டிருந்தாள் தக்சாயினி. புலமைப்பரிசில் கிடைத்து, சீனாவில் செங்சோ நகரத்தில் முதுமாணிப் பட்டம் முடித்துவிட்டு வந்தவள். நிரந்தர வேலை இன்னும் சரிவரவில்லை. ஊர் காரைதீவுக்குப் பக்கம். அப்பா அழகரெத்தினம் வட்டைவிதானை. வட்டை என்ற ஊர் வயல்வெளிக்கு எப்போது தண்ணீர் விடுவது, எப்போது மறிப்பது, யாருடைய மாடு யாருடைய பயிரில் வாய்வைத்தது என்பதையெல்லாம் தீர்த்துவைக்கும் பொறுப்பைக் கமக்காரர்கள் கூடி அவர் கையில் கொடுத்திருந்தார்கள்.

மழை பிடித்த அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் எடுத்த பாடம் சீன நாகரிகத்தின் தொடக்கம். மஞ்சள் நதி கொண்டுவந்து கொட்டிய மண்ணில் தினை விளைந்ததையும், சிற்றூர்கள் பெருத்து, மண்ணை அடுக்கடுக்காக இடித்து இறுக்கி மதில் எழுப்பியதையும் சொன்னாள். செங்சோவில் அப்படியொரு மதில் நகரத்துக்கு நடுவிலேயே நிற்கிறது. மூவாயிரத்தைந்நூறு வருஷத்து மண். பின்னேரங்களில் கிழவர்கள் அதன்மேல் நடக்கப் போவார்கள், அவளும் போயிருக்கிறாள்.

பிறகு வெள்ளக் கதைக்கு வந்தாள். நதி கரைபுரண்டு நாட்டையே மூடிய காலத்தில், அதை அடக்கும் வேலை குன் என்பவனிடம் கொடுக்கப்பட்டது. அவன் மண்ணைக் கொட்டிக் கொட்டி அணை கட்டினான். அணை உயர உயரத் தண்ணீரும் உயர்ந்தது. ஒன்பது வருஷம் பார்த்த அரசன் அவனைக் கொன்றுபோட்டான். அதே வேலை மகன் யூவின் தலையில் விழுந்தது. மகன் அடைக்கவில்லை, வாய்க்கால் வெட்டி வெள்ளத்தைக் கடலுக்கு விட்டான். சொந்த வீட்டு வாசலைக் கடந்து போன போதும் உள்ளே போகாமல் உழைத்தான். அவனிலிருந்துதான் சியா என்ற முதல் அரச வம்சம் வந்தது என்பார்கள்.

"ஆனா இத எழுதினது நடந்ததாச் சொல்ற காலத்துக்கு ஆயிரம் வருஷத்துக்கு மேல பிந்தி," என்றாள். எர்லிதோ என்ற இடத்தில் அரண்மனைத் தளமும் வெண்கலப் பாத்திரங்களும் கிடைத்திருக்கின்றன. அது சியாவின் தலைநகரம் என்று பலர் சொன்னாலும் அந்தப் பெயர் எழுதிய ஒரு ஓடுகூட அங்கே கிடைக்கவில்லை. அதற்குப் பின்வந்த ஷாங் அரசர்கள்தான் மாட்டெலும்பிலும் ஆமையோட்டிலும் கேள்விகளைப் பொறித்து வைத்தார்கள். மழை வருமா, நதி கெடுதி செய்யுமா என்று அரசனே கேட்டிருக்கிறான்.

வட்டைக்கு மேற்கே உள்ள முஸ்லிம் குடியிருப்பிலிருந்து வரும் றாஹிலா கையை உயர்த்தினாள். பாலர் பாடசாலை ஆசிரியை; வகுப்பில் அதிகம் கதைக்காதவள். தகப்பனைக் கொன்றவனுக்கே மகன் வேலை செய்தானே, அவன் மனது எப்படி இருந்திருக்கும் என்று கேட்டாள். அதை யாரும் எழுதிவைக்கவில்லை என்றாள் தக்சாயினி.

மழை விடவில்லை. செவ்வாய்க்கிழமை, மேலேயுள்ள பெரிய குளத்தின் வான்கதவுகளைத் திறந்துவிட்டதாக வானொலியில் சொன்னார்கள். புதன் காலையில் றாஹிலா தொலைபேசியில் வந்தாள். வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். மாமியாரைக் கட்டிலோடு தூக்கி மேசையில் வைத்திருக்கிறோம். பாரிசவாதம் வந்து படுக்கையில் கிடக்கிறவரைக் கொண்டுபோக ஒரு தோணியும் வரவில்லை என்றாள். பிறகு கொஞ்சம் தயங்கினாள்.

"மிஸ், எந்த வெள்ளத்துக்கும் தண்ணி உங்கட வட்டைப் பக்கம் வடிஞ்சிரும். இந்த முறை வடியுதில்ல. வயல் வீதி மதகை ஆரோ அடைச்சிற்றாங்க எண்டு இஞ்ச பொடியன்மார் கதைக்கிறாங்க. ஏதும் தெரியுமா?"

விசாரித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாள். விசாரிக்க ஒன்றுமில்லை. முதல்நாள் பின்னேரம் அப்பா உரப்பைகளையும் மண்வெட்டியையும் உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றிக்கொண்டு, நாலைந்து பேரோடு வயல் வீதிப் பக்கம் போனதை அவள் கண்டிருந்தாள்.

அழகரெத்தினம் ஒளிக்கவில்லை. "ஓம், நான்தான் அடைச்ச," என்றார். பெரும்போகப் பயிருக்கு ஒரு மாதம்கூட ஆகவில்லை. மதகைத் திறந்தால் வட்டை முழுக்க மூழ்கும், நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தால் பயிர் அழுகும், நெல்லை நம்பி நகை ஈடு வைத்தவர்களுக்கு அவர்தான் பதில் சொல்ல வேண்டும். மேசையில் கிடக்கும் மனுஷியைப் பற்றி அவள் சொன்னாள். அவர் முகம் மாறியது. ஆனாலும், "வீட்டுக்குள்ள வந்த தண்ணி வடியும் மகள். அழுகின பயிர் எழும்பாது," என்றார். அதற்குமேல் கதைக்க விரும்பாதவர்போல மழைச்சட்டையை மாட்டிக்கொண்டு, கடற்பக்கத்து வரம்பு பார்க்கப் போய்விட்டார்.

நீர்ப்பாசன அலுவலகத்துக்குத் தொலைபேசி எடுத்தாள். தண்ணீரை வெட்டிவிட மண்தோண்டும் பெக்கோ இயந்திரம் வரும், ஆனால் பாதை மூடிக்கிடக்கிறது, நாளைக்குத்தான் என்றார்கள்.

மத்தியானம் அவள் குடையில்லாமல் நடந்து மதகடிக்குப் போனாள். காவலுக்கு நின்றவன் சாப்பிடப் போயிருந்தான். வீதிக்கு மேற்கே தண்ணீர் கடல்போல நின்றது. தூரத்தில் ஓட்டுக்கூரைகள் தெரிந்தன. கிழக்கே பச்சைப் பயிர் கணுக்கால் தண்ணீரில் தலையாட்டிக்கொண்டு நின்றது. இரண்டுக்கும் நடுவே மதகு வாயில் மண்மூட்டைகள் இறுக அடுக்கியிருந்தன. அப்பாவின் கைவேலை, ஒரு பொத்தல் இல்லை. இறங்கி, மேல் மூட்டையின் காதைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. காலை ஊன்றி, முழுப் பாரத்தையும் கொடுத்து மறுபடி இழுத்தபோது அது புரண்டது. அந்த இடைவெளியால் தண்ணீர் சீறிப் பாய்ந்தது. இரண்டாவதை அவள் தொட்டதுதான். மிச்சத்தைத் தண்ணீரே பார்த்துக்கொண்டது. அவள் நின்ற மூட்டையும் சரிந்தது.

சட்டைக் கழுத்தில் பிடித்து யாரோ அவளை மேலே இழுத்தார்கள். வரம்பு பார்த்துவிட்டு வந்த அப்பா. வீதியில் அவளை உட்காரவைத்துவிட்டு, வட்டைக்குள் பாயும் தண்ணீரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்று நினைத்தாள். அடிக்கவில்லை.

"வீட்ட போ," என்றார். "ஆக்கள் வர முந்திப் போ."

ஆட்கள் ஓடி வந்து கேட்டபோது, தானே திறந்துவிட்டதாகச் சொல்லியிருக்கிறார். அது அன்று இருட்டும் முன் ஊரெல்லாம் பரவி, அவளுடைய காதுக்கும் வந்தது. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டாள். "நான் வயசானவன். உனக்கு இன்னும் வேலை கிடைக்கணும், கலியாணம் நடக்கணும்," என்றார். அந்தப் பேச்சு அத்தோடு நின்றது.

றாஹிலா வீட்டில் தண்ணீர் அன்றைக்கே வடிந்தது. ஆனால் குளிர்ந்து விறைத்துப்போன மாமியாருக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. ஆஸ்பத்திரியில் வெள்ளிக்கிழமை அவர் மௌத்தாகிவிட்டார். தக்சாயினி முக்காடு போட்டுக்கொண்டு அந்த மரணவீட்டுக்குப் போனாள். பெண்களுக்கு நடுவில் இருந்த றாஹிலா அவளுடைய கையைப் பிடித்தபடி, "ஆரு திறந்தாங்களோ தெரியா மிஸ், அல்லா அவங்களுக்கு நல்லது செய்யணும்," என்றாள். தக்சாயினி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். திறந்தவள் நான் என்றால், அடைத்தவர் யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை றாஹிலா வரவில்லை. ஷாங் காலத்து வெண்கலத்தைப் பற்றி நடத்தவேண்டிய இடத்தில், குன்னைப் பற்றிப் பழைய நூல்களில் வேறொரு விதமாகவும் இருப்பதைச் சொன்னாள். தானாக வளரும் மண்ணை அவன் வானத்திலிருந்து திருடியது மக்களைக் காப்பாற்றத்தானாம். பின்னாளில் சியா வம்சத்தார் அவனுக்குப் பலிகொடுத்து வழிபட்டார்களாம். அவன் காப்பாற்ற நினைத்தவர்கள் இருந்தார்கள், சரி. அணைக்கு மறுபக்கம் இருந்தவர்களை ஒரு நூலும் சொல்லவில்லை. கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுதத் தேவையில்லாத ஒரு வருஷத்தை எழுதினாள்.

பயிர் அழுகிய பிறகு கோயில் மண்டபத்தில் கமக்காரர்கள் கூடினார்கள். அழகரெத்தினத்தை எல்லாருமாகப் பிடித்துக்கொண்டார்கள். அடைத்த கையாலேயே ஏன் திறந்தாய், வீதிக்கு அங்கால ஆட்களுக்குப் பயந்தாயா என்று கேட்டவர்களும் இருந்தார்கள். அவர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டார். தக்சாயினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பொறுக்க முடியாமல் உள்ளே வந்தாள்.

"திறந்தது அப்பா இல்ல. நான்."

எல்லாத் தலைகளும் அவள் பக்கம் திரும்பின. பிறகு மூத்த கமக்காரர் செல்லத்தம்பி, கோபமே இல்லாமல், "தகப்பனில உள்ள பாசம். நீ போய் இரி புள்ள," என்றார். பின்னால் யாரோ ஒருவன் சிரித்தான். அந்தக் கூட்டத்திலேயே விதானைப் பொறுப்பை வேறொருவருக்குக் கொடுத்தார்கள்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அவள் சொன்னாள். "றாஹிலா வீட்ட நாளைக்குப் போகணும் அப்பா. அடைச்ச ஆரெண்டு நான் இன்னும் சொல்லல்ல."

அவர் வீட்டு வாசல்வரை நடந்துகொண்டே வந்தார். கடைசியில், "நீ சொல்லாத. அத நான் வந்து சொல்றன்," என்றார்.

மறுநாள் பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் போனார்கள். வீட்டு மதிலில் வெள்ளக் கறை இடுப்புயரத்தில் இன்னும் இருந்தது. றாஹிலாவின் கணவன் ஜுனைட் வாசல் படலையடியில் நின்றான். மதகை அடைத்தது தான்தான் என்று அழகரெத்தினம் சுற்றிவளைக்காமல் சொன்னார். அவனுடைய உம்மா கிடந்த நிலை தெரிந்த பிறகும் திறக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொன்னார். ஜுனைட் அவரை உள்ளே கூப்பிடவும் இல்லை, ஏசவும் இல்லை. திரும்பி, வீட்டின் பின்பக்கம் போய்விட்டான்.

றாஹிலா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு கதவடியில் நின்றாள். தக்சாயினியின் முகத்தைப் பார்க்கவில்லை. உள்ளே போய் ஒரு கதிரையைத் தூக்கிவந்து முற்றத்தில் வைத்துவிட்டு, மறுபடியும் உள்ளே போனாள்.

அழகரெத்தினம் அந்தக் கதிரையில் உட்காரவில்லை. திரும்பிப் போகவும் இல்லை. மகள் அவர் பக்கத்தில் நின்றாள்.