வீக்கம் வடிந்த பிறகு

1

இந்தக் கதை இரண்டே வாக்கியங்களிலிருந்து வந்தது. "செஞ்சிக்குப் போயிருந்தேன். சொல்லிட்டு வந்துட்டேன்." தொலைபேசியில் பூங்குழலி சொன்னாள், அதற்குமேல் பேசவில்லை. அவள் நோயெதிர்ப்பியல் ஆய்வாளர், என் தோழி. மீதியை நான்தான் இட்டு நிரப்புகிறேன். எங்கே பொய் தட்டுகிறதோ அங்கே வாசிப்பதை நிறுத்திவிடுங்கள்.

2

'கோட்டைமேல் வெயில் ஏறிக்கொண்டிருந்தபோது—'

(வேண்டாம். செஞ்சி என்றாலே கோட்டையா?)

எலும்பு மஜ்ஜை நார்நாராக இறுகிப்போகிற அரிய ரத்தப் புற்று ஒன்றைத்தான் பூங்குழலி ஆராய்ந்தாள். உள்ளே ஓயாமல் கனலும் அழற்சியை அணைத்தால் இறுக்கமும் நிற்கும் என்று நம்பினாள். எலிகளில் நின்றது. பிறகு அந்த மாத்திரையை மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். செஞ்சி கலைச்செல்விக்கு மண்ணீரல் வீக்கம் வடிந்தது, காய்ச்சல் விட்டது, ரேஷன் கடை வேலைக்கே திரும்பிப் போனாள். மஜ்ஜை மட்டும் இறுகிக்கொண்டே போனது. மருந்து சாப்பிட்ட எல்லோருக்கும் அப்படித்தான். சோதனையை நிறுத்திவிட்டார்கள்.

(பூங்குழலிமேல் எனக்கு ஒரு சந்தேகம். சோதனை நின்றதை மருத்துவரே சொல்லியிருப்பாரே, இவள் ஏன் போக வேண்டும்? 'குற்ற உணர்வு' என்று எழுதி அடித்தேன். தன் மருந்தால் நன்றாக இருந்த ஒருத்தியை ஒருமுறையாவது நேரில் பார்க்கும் ஆசை என்று இப்போது தோன்றுகிறது. அது இன்னும் மோசம்.)

3

கலைச்செல்வியின் கணவர் பீமாராவ் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"இப்பல்லாம் நல்லா சாப்புடறா மேடம். வயிறு கல்லாட்டம் இருந்துச்சி, இப்ப பாருங்க."

"மாத்திரையை நிறுத்தறோம்," என்றாள் பூங்குழலி.

"சரியாயிடுச்சா?" என்று கலைச்செல்வி கேட்டாள்.

"வீக்கம்தான் வடிஞ்சிருக்கு. நோய் உள்ள வளர்ந்துக்கிட்டேதான் இருக்கு. வேற மருந்து இப்ப எங்ககிட்ட இல்லை."

அடுத்த வீட்டில் மிக்சி ஓடி நின்றது. பீமாராவ் எழுந்து வெளியே போனார்.

"அப்ப நான் நல்லா இருந்தது இன்னாது மேடம்?"

"நல்லா இருந்தது நெஜம்தாங்க. ஆனா—"

(அவள் இதை முடித்தாளா, தெரியவில்லை. நானும் முடிக்கவில்லை.)

4

ஒரு முடிவில் புதிய மருந்து வந்தது, கிழித்துப் போட்டேன். இன்னொன்றில் கலைச்செல்வி சத்தம் போட்டு அவளை வெளியே அனுப்புகிறாள். திட்டு வாங்கினால் மனம் லேசாகிவிடும், அது பூங்குழலிக்கு நான் செய்யும் உபகாரம். அதையும் விட்டேன்.

நடந்திருக்கக்கூடியது இதுதான். கலைச்செல்வி நைட்டியின் கையைச் சுருட்டிவிட்டு முன்கையை நீட்டினாள்.

"வந்ததுக்கு ரத்தம் எடுத்துக்கினு போங்க மேடம். வேற யாருக்காச்சும் ஆவுமில்ல?"

பூங்குழலி ஊசி எதுவும் கொண்டுவரவில்லை. ஆகுமா என்பதும் அவளுக்குத் தெரியாது.

நீட்டிய கை அப்படியே இருக்கிறது. அதை மடக்கி வைக்க என்னிடம் வாக்கியம் இல்லை. உங்களிடம் இருந்தால் எழுதிக்கொள்ளுங்கள்.