ஏழாவது பெட்டி

அண்ணன் ஒரு காலில் ஷூ மாட்டி, இன்னொரு காலுக்குக் குனிந்த நேரம் பார்த்துத்தான் பாப்பா கேட்டாள். அவள் எப்போதும் இப்படி ஒரு நேரத்தில்தான் பேச்சை எடுப்பாள். அந்த வீட்டில் அவளுக்கு மிஞ்சுகிற நேரமே அவ்வளவுதான் என்றும் சொல்லலாம். ஒரு கையில் அம்மாவைத் துடைத்துவிட்ட ஈரத்துண்டு, மறு கையில் அண்ணன் மகனின் பள்ளிக்கூடப் பை.

“அண்ணா, அந்த வேலைக்கு இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள பதில் சொல்லணும். வர்றேனா, இல்லையான்னு.”

“இன்னிக்கேவா?”

“போன வாரமே சொன்னேன்ல.”

“பார்க்கலாம் பாப்பா. மத்தியானம் போன் பண்ணு, பேசிக்கலாம்.”

பார்ப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவனுக்குத் தெரியும். இல்லை என்றுதான் சொல்லப் போகிறான். ‘அம்மா கொஞ்சம் தேறட்டும், ஆறு மாசம் போகட்டும்’ என்று மனம் நோகாமல் சொல்ல வார்த்தை தேடிக்கொண்டிருந்தான், அவ்வளவுதான். பாப்பா என்பது வீட்டில் ஒட்டிக்கொண்ட பெயர். வயது முப்பத்து நான்கு. கட்டட வரைபடம் போடுகிறவள். வேலை பார்த்த நிறுவனத்தை மூடிவிட்டார்கள் என்று இரண்டு வாரம் இருந்துவிட்டுப் போக வந்தாள். அந்த இரண்டு வாரத்துக்குள் அம்மா குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பை உடைத்துக்கொண்டாள். பிறகு அண்ணியின் வேலை நேரம் மாறியது. பிள்ளைகளைக் கூட்டி வருவது பாப்பாவிடம் வந்தது. பிறகு சமையல். யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை. “பாப்பா சும்மாதானே இருக்கா” என்று ஒருவர் சொல்ல மற்றவர் தலையாட்ட, புதிதாக வந்த வேலையெல்லாம் தானாகவே அவளிடம் போய் விழுந்தது. வெளியூரில் இருக்கும் அக்கா போனில் அதைச் சொல்வாள். அதிகம் சொன்னது அவன்தான்.

அலுவலகத்தில் அவனுக்குத் தராசு என்று பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும் இருக்கிறது. பல மருத்துவமனைகளில் எடுக்கும் ஸ்கேன் படங்கள் வந்து சேரும் இடம் அது. ஒரு சர்வரில் அடங்காதென்று ஆறில் பிரித்து வைத்திருந்தார்கள். சர்வர் என்று அங்கே யாரும் சொல்வதில்லை, பெட்டிதான். ஒரு பெட்டி வழியாமலும் இன்னொன்று காற்று வாங்காமலும் படங்களைச் சமமாகப் பரத்தி வைப்பது அவன் பொறுப்பு. எந்தப் பெட்டி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று திரையில் காட்டும் ஆறு பட்டைகளும் ஒரே உயரத்தில் நின்றால்தான் அவனுக்குச் சாப்பாடு இறங்கும். ஒன்று கொஞ்சம் எகிறினாலும் நாற்காலியில் இருப்புக் கொள்ளாது.

சமமாகத்தான் இருந்தன, ஆனால் ஆறும் கழுத்து வரை நிரம்பிவிட்டன. கெஞ்சிக் கூத்தாடி ஏழாவது பெட்டியை வாங்கி, நேற்று மாலைதான் சேர்த்தான். அதற்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு பெட்டிக்கும் எடை என்று ஓர் எண் கொடுப்பார்கள். எடை கூடினால் அதன் பங்கும் கூடும். புதுப் பெட்டிக்கு முதலில் துளியூண்டு எடை கொடுத்து, அது தாங்கத் தாங்க நாள்தோறும் ஏற்ற வேண்டும். ஒரு வாரம் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிற வேலை. இதைப் பக்கத்து நாற்காலி இரவலுக்குச் சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். பேனா, சார்ஜர், குடை எதையும் சொந்தமாக வைத்துக்கொள்ளாத பெண் என்பதால் அவள் இரவல். மூளை மட்டும் சொந்தம். நேற்று தராசுக்குப் பொறுமை இல்லை. ஆறு பெட்டி மூச்சு முட்டுகிறது, ஏழாவது காலியாக நிற்கிறது, வாங்கிக்கொள்ளட்டுமே என்று முழு எடையையும் ஒரே தடவையில் கொடுத்துவிட்டு அக்கடா என்று வீட்டுக்குப் போய்விட்டான்.

“டாக்டருங்க கத்துறாங்க சார்,” என்றாள் இரவல், அவன் பையை இறக்கி வைப்பதற்குள். “போன வருஷத்துப் படமெல்லாம் டக்குனு திறக்குதாம். காலைல எடுத்த படம் சுத்திக்கிட்டே இருக்காம். ஆபரேஷன் டேபிள்ல ஆளை வெச்சுக்கிட்டுக் காத்திருக்காங்களாம்.”

தராசு பட்டைகளைப் பார்த்தான். ஆறு உயரமாக, ஏழாவது தரையோடு தரையாக. “ஏழாவது சும்மாதானே இருக்கு. அதுல ஒண்ணுமே இல்லையே. கோளாறு வேற எங்கயோ.” கேபிளைச் சந்தேகப்பட்டான். நெட்வொர்க் பார்ப்பவரைச் சந்தேகப்பட்டுப் பேச்சும் வாங்கிக் கட்டிக்கொண்டான். கடைசியில் மருத்துவமனைக் கம்ப்யூட்டர்களையே சந்தேகப்பட்டான். மத்தியானமாகிவிட்டது. மேசையில் போன் அதிர்ந்தது; பாப்பா. கவிழ்த்து வைத்தான். மறுபடி அதிர்ந்து, நகர்ந்து, மேசை விளிம்புக்கே வந்துவிட்டது. எடுத்து இழுப்பறைக்குள் போட்டு மூடினான்.

இரவல் சர்வர் அறையிலிருந்து வந்தாள். உள்ளே குளிர் அதிகம் என்று அவனுடைய ஸ்வெட்டரைத்தான் போட்டிருந்தாள். “சார், ஒரு நிமிஷம் வந்து பாருங்க.”

உள்ளே ஆறு பெட்டிகளின் விளக்குகளும் ஆற அமரக் கண் சிமிட்டிக்கொண்டிருந்தன. ஏழாவதன் விளக்கு சிமிட்டவில்லை. அணைவதற்கு நேரமில்லாமல் எரிந்துகொண்டே இருந்தது.

“காலியா இருந்தா சும்மா இருக்குன்னு அர்த்தமா சார்? உங்க பட்டையில எவ்வளவு நெறஞ்சிருக்குன்னுதான் தெரியும். எவ்வளவு வேலை செய்யுதுன்னு தெரியாதே.”

தெரிந்த பாடம்தான். இடம் அதிகமுள்ள பெட்டிக்கே புதுப் படம் போகும். இன்றைக்கு எடுத்த படத்தைத்தான் இன்றைக்கு எல்லா டாக்டர்களும் கேட்பார்கள். காலையிலிருந்து வந்த அத்தனை படங்களும் அந்த ஒரு பெட்டியில் விழுந்திருக்கின்றன. அத்தனை பேரும் அதன் வாசலிலேயே வரிசையில் நிற்கிறார்கள். போதாததற்கு ஆறு பெட்டிகளும் தங்கள் பழைய சுமையை வேறு அதன் தலையில் இறக்கிக்கொண்டிருக்கின்றன. எல்லாரும் சேர்ந்து ஏவுகிற ஒரே பெட்டியைப் பார்த்துத்தான், அது சும்மா இருக்கிறது என்று அரை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

நாக்கைக் கடித்துக்கொண்டு வேலையில் இறங்கினான். எடையைக் குறைத்தான். பழைய படங்கள் வந்து குவிவதை நிறுத்தினான். காலைப் படங்களை ஏழு பெட்டிகளுக்கும் பிரித்து நகல் எடுக்கச் சொன்னான். மருத்துவமனைகள் ஒவ்வொன்றாகச் சரியாயிற்று என்றன. இரவல் சாப்பிடப் போய்விட்டாள், ஸ்வெட்டரோடு. அவன் மட்டும் குளிரில் அந்த விளக்கைப் பார்த்து நின்றான். அது ஒருமுறை அணைந்தது, எரிந்தது, மறுபடி அணைந்தது. பாப்பா சும்மாதானே இருக்கா என்று அவன் குரலே அவன் காதில் விழுந்தது. வெட்கமாக இருந்தது. யாரும் பார்க்காத வெட்கம் என்பதால் கூடுதலாகவே இருந்தது.

இழுப்பறையைத் திறந்து போன் செய்தான். அவள் எடுக்கவில்லை. அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டுக் கிளம்பினான்.

பாப்பா ஹாலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அம்மா ஜன்னலோர நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தாள்.

“பாப்பா, நீ அந்த வேலைக்குப் போ.”

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. “வேணாம்னு சொல்லிட்டேன்ணா.”

“எப்போ?”

“மத்தியானம். உனக்குப் போட்டேன், நீ எடுக்கல. அவங்க வேற கேட்டுக்கிட்டே இருந்தாங்க. நீ என்ன சொல்லுவேன்னு எனக்குத் தெரியாதா என்ன?”

அவள் நினைத்தது தப்பாக இருந்திருந்தால் கோபித்துக்கொண்டிருக்கலாம். அதற்கும் வழியில்லை.

“திரும்பக் கூப்பிடு. இன்னும் சாயங்காலம் ஆகலையே.”

“அம்மாவை யாரு பாக்குறது? பிள்ளைங்களை யாரு கூட்டிட்டு வர்றது?”

காலையில் அவன் சொல்வதற்கென்று வைத்திருந்த பதில் இது. அவள் வாயிலிருந்து கேள்வியாக வந்தது. “தெரியல,” என்றான். “இனிமேதான் யோசிக்கணும். அதையும் உன் தலையில போட மாட்டேன்.”

“அக்கா கத்துவா.”

“கத்தட்டும். நான் வாங்கிக்கிறேன்.”

அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. அம்மா விழித்துக்கொண்டு, நடக்கிற நேரமாச்சே என்றாள். பாப்பா எழப்போக, அவன் முந்திக்கொண்டு வாக்கரை எடுத்து அம்மாவின் முன்னால் வைத்தான்.

“நீ எதுக்குடா? பாப்பா இல்லையா?”

“இருக்கா. நான் புடிக்கிறேன்மா.”

பிடித்துத் தூக்கியதும் அம்மா வலியில் வீலென்றாள். “அது ஒடஞ்ச பக்கம்டா! இந்தப் பக்கம் புடி.”

அம்மா விழுந்து எட்டு மாதம். உடைந்தது எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. திருதிருவென்று முழித்தான். பாப்பா வந்து அவன் கையை எடுத்துச் சரியான இடத்தில் வைத்தாள். பிறகு நகர்ந்து நின்றாள். கையில் எதுவும் இல்லாமல் அவளைப் பார்த்து வெகு நாளாயிற்று. கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்கே தெரியாதது போல் நின்றாள். அப்புறம் துணிக் குவியலுக்கு அடியிலிருந்து போனை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள்.

அம்மா வாக்கரை நகர்த்தினாள். டொக். ஒரு எட்டு. டொக். இன்னொரு எட்டு. அவன் ஒரு கையால் அம்மாவைத் தாங்கியபடி, திரும்பிப் பார்க்க முடியாமல் பின்னாலேயே நடந்தான். ஹாலின் நடுவுக்கு வந்தபோது பால்கனியிலிருந்து “ஹலோ” என்ற குரல் கேட்டது. அதற்குப் பிறகு சொன்னது வாக்கர் சத்தத்தில் கேட்கவில்லை.

“கொஞ்சம் நில்லும்மா,” என்றான்.

அம்மா ஏற்கெனவே நின்று, பால்கனிப் பக்கம் காதைக் கொடுத்திருந்தாள். தூக்கிய வாக்கரின் முன் கால்கள் இரண்டும் தரையில் படாமல் அப்படியே இருந்தன.