சீராக வந்த கேமரா

எங்கள் வீட்டு ஹாலில் இருந்த கேமரா தானாகத் திரும்புகிறது என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். சொன்னபோது என் புருஷன் ஜெயசீலன் நம்பவில்லை. சிதம்பரம் மார்க்கெட்டில் மீன் கடை வைத்திருக்கிற அவருக்கு, வாடிக்கைக்காரர் சொன்னால் வேதவாக்கு. பெண்டாட்டி வினோதினி நான் சொன்னால் பிதற்றல்.

புது வீட்டுக்குக் குடிவந்தபோது என் அண்ணன் தமிழ்மணி கடலூரிலிருந்து கொண்டுவந்த சீரில் அதுவும் ஒன்று. பீரோ, கட்டில், மிக்சி, கூடவே உருண்டைத் தலையோடு இந்தக் கேமரா. அண்ணனே அதை ஷெல்ஃப் மேல் வைத்து, ஜெயசீலன் போனிலும் போட்டுக் கொடுத்தான். கடையில் உட்கார்ந்தபடியே அதைத் திருப்பித் திருப்பிப் பெண்டாட்டி என்ன செய்கிறாள் என்று பார்க்கலாம். அப்படி ஒரு சாமான் ஓசியில் வந்தால் எந்தப் புருஷனுக்குக் கசக்கும்?

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சம்பந்தம். என்னை ஜெயசீலனுக்குக் கட்டிக் கொடுத்த அதே பந்தலில், அவர் தங்கச்சி திலகவதியை என் அண்ணனுக்குக் கட்டினார்கள். அதனால் நானும் அவளும் ஒருத்தியை ஒருத்தி அண்ணி என்றுதான் கூப்பிடுவோம்.

ஜெயசீலன் அடிப்பார். இதை மூடி மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. குழம்பில் காரம் ஜாஸ்தி என்றால் அடி, போனை எடுக்க நேரமானால் அடி, கேமராவில் நான் சிரிப்பது தெரிந்தால் யாரோடு சிரித்தாய் என்று அடி. ஒரு மத்தியானம் என் தலைமுடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நெற்றி விண்ணென்று தெறித்தது. அந்த நேரம் பார்த்து ஷெல்ஃபில் கிர்ரென்று சத்தம். கேமரா எங்கள் பக்கம் திரும்பியது. அவர் போன் சார்ஜில் கிடந்தது.

முடியைப் பிடித்த கை அப்படியே நின்றது. அடிக்கும்போது வராத வெட்கம், அதை யாரோ பார்க்கிறான் என்றதும் வந்துவிட்டது.

அவர் சந்தேகம் நெட் கனெக்ஷன் கொடுத்த அருள்முருகன் மேல் போனது. மறுநாள் நடுத்தெருவில் அவன் பைக்கை மறித்து, அவன் ஹெல்மெட்டைப் பிடுங்கி அதனாலேயே வாயில் அடித்தார்.

"எம்பொண்டாட்டிய பாக்குறியாடா?"

"எங்கம்மா சத்தியமாண்ணே, நான் ஒயர இழுத்ததோட சரி!" என்று அவன் ரத்தத்தைத் துப்பிக்கொண்டே கதறினான். நான் ஓடிப்போய்ப் புருஷன் காலைப் பிடித்தேன். என் முதுகிலும் ஒன்று விழுந்தது. அந்தப் பையனுக்கு முன்பல் இரண்டும் போயிற்று. எங்களுக்கு விடை கிடைத்தபாடில்லை.

கேமராவைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நான் சோறு வடிக்கையில் அது பாட்டுக்குத் திரும்பி என்னைப் பார்த்தது. எனக்கு உடம்பெல்லாம் கூசியது. சேலை மாற்றக்கூட இடமில்லாமல் பாத்ரூமுக்குள் ஒண்டினேன். கழற்றிப் போடுங்கள் என்றால் கேட்கவில்லை. என்னைக் கண்காணிக்காமல் அவரால் கடையில் ஒரு நாழி உட்கார முடியாது.

இதற்கிடையில் திலகவதிக்கு ஏழாம் மாதம் வளைகாப்பு வந்தது. அது முடிந்ததும் பிரசவத்துக்கு அவளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர வேண்டும். வேன் பிடித்துத் தேவனாம்பட்டினத்தில் இருக்கும் அண்ணன் வீட்டுக்குப் போனோம்.

திலகவதி கைக்கு நான் வளையல் ஏற்றும்போது முழங்கைக்குக் கீழே வந்ததும் துடித்துப்போனாள். பூசிய சந்தனத்துக்கு அடியில் தோல் கன்றியிருந்தது. எனக்கும் அதே இடத்தில், அதே அளவில் கன்றியிருந்தது. பந்தி பரிமாறும் சந்தடியில் அவளைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"யாரு அண்ணி அடிச்சது?"

"ஒங்க அண்ணன்தான். ஏன்னே தெரியல அண்ணி. போன பாத்துக்கிட்டே குந்தியிருப்பாரு. திடீர்னு எழுந்து வந்து அடிப்பாரு. ஏன்னு கேட்டா, போயி ஒங்கண்ணன கேளுன்னுவாரு."

கேமராவை ஷெல்ஃப் மேல் வைத்தவன் அண்ணன்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. நேராக வாசலுக்குப் போய் அண்ணனின் சட்டைப்பையிலிருந்து போனைப் பிடுங்கி அவன் முன்னால் நீட்டினேன். அவன் மறைக்கவில்லை. பெருமையாகத் திறந்தே காட்டினான். சிதம்பரத்தில் பூட்டிவிட்டு வந்த எங்கள் ஹால், அவன் உள்ளங்கையில் தெரிந்தது.

"எனக்காகவாண்ணே அவள அடிக்கிற?"

"பின்ன? அவன் எந்தங்கச்சிய அடிப்பான், நான் பாத்துக்கினு இருக்கணுமா? எங்க அடிக்கிறானோ அங்கயே திருப்பிக் குடுத்துடுவேன். கூடவும் இல்ல, கொறையவும் இல்ல."

"ஆம்பளயா இருந்தா அவன அடி. வாயும் வயிறுமா இருக்கறவள ஏன் அடிக்கிற?"

"மாப்ள மேல கை வச்சா சம்பந்தம் அறுந்துடும். அப்புறம் நீ எங்க போவ? வயித்துல எல்லாம் நான் அடிக்கறதில்ல, அதுகூட தெரியாதவனா நான்?" என்றான். "கேமராவ அணைச்சு கிணைச்சு வச்ச, அங்க அடி உழுதுன்னுதான் எடுத்துக்குவேன். அவன் கை நீட்டுறத மொதல்ல நிறுத்தட்டும். அதுவரைக்கும் இவள அனுப்ப மாட்டேன்."

அடி வாங்கும்போதெல்லாம் இதை யாராவது பார்க்க மாட்டார்களா என்று நான் ஏங்கியதுண்டு. பார்த்தவன் கூடப்பிறந்தவன். பார்த்துவிட்டு அவன் செய்தது இது. நான் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிய ஒவ்வொரு அடிக்கும் அங்கே ஒரு பிள்ளைத்தாய்ச்சி சுருண்டு விழுந்திருக்கிறாள். அவனைக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. திலகவதியிடம் காரணத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை. கன்னத்தில் குங்குமம் வழிய என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சாக்குப்போக்குச் சொல்லி அண்ணன் அவளை அனுப்பவில்லை. சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, ஜெயசீலன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு வேனில் ஏறினார். வீட்டுக்குள் நுழைந்ததும் கதவை அடித்துச் சாத்தினார்.

"ஒங்கண்ணனுக்கு அவ்ளோ திமிரா? ஏன்டி அனுப்பல?"

எல்லாவற்றையும் சொன்னேன். கேமராவைக் காட்டிச் சொன்னேன். என் கையையும், திலகவதி கையையும் சொன்னேன். "தயவுசெஞ்சு இனிமே அடிக்காதீங்க. இங்க அடிச்சா அங்க உழும். புள்ள தாங்காது" என்று கும்பிட்டேன்.

அவர் முகம் கறுத்தது. "எந்தங்கச்சி மேல கை வச்சானா அவன்?" என்று பல்லை நறநறவென்று கடித்தார். ஒரு கணம் அவர் கடலூருக்குக் கிளம்பிவிடுவார் என்றுதான் நினைத்தேன். ஆனால் கடலூர் தூரம். நான் பக்கத்தில் இருந்தேன். ஓங்கி என் கன்னத்தில் விட்டான். இனி அவனை அவர் என்று எழுத எனக்கு வாய் வரவில்லை. தெரிந்தே அடித்தான்.

கிர்ரென்று கேமரா திரும்பியது. இதுவரை பேசாத அதன் அடியிலிருந்து அண்ணன் குரல் வந்தது.

"அடிச்சிட்டல்ல மச்சான்? இந்தா கேட்டுக்க."

பளாரென்ற சத்தம். கூடவே திலகவதியின் அலறல் எங்கள் ஹாலில் கேட்டது.

"டேய்! ஒன் தங்கச்சி என் கையில இருக்காடா!" என்று ஜெயசீலன் கேமராவைப் பார்த்துக் கத்திக்கொண்டே என் கழுத்தைப் பிடித்தான். கேட்ட அலறல் அவன் கூடப்பிறந்தவளுடையது. அதற்கும் அவன் பிடி தளரவில்லை. அடுத்த கையை ஓங்கினான். அந்தப் பக்கம் அவனும், இந்தப் பக்கம் இவனும் அடித்துக்கொண்டிருக்க, வாங்குவதற்கு நாங்கள் இரண்டு பேர்.

திமிறிக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். அவன் பின்னாலேயே வந்தான். கைக்கு அகப்பட்டது இரும்புத் தோசைக்கல். இரண்டு கையாலும் பிடித்து, ஓங்கிய அவன் வலக்கையில் இறக்கினேன். எலும்பு முறிந்த சத்தம் கேட்டது. அவன் வாயைப் பிளந்து ஹாலில் போய் விழுந்தான். இன்னொரு முறை அதே கையில் போட்டேன். எனக்குப் பயம் வரவில்லை. இத்தனை நாள் சும்மா இருந்தோமே என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது.

தோசைக்கல்லோடு போய்க் கேமரா முன்னால் நின்றேன்.

"பாத்தியாண்ணே? கூடவும் இல்ல, கொறையவும் இல்லன்னியே. இத யாருக்குத் திருப்பிக் குடுப்ப?"

 அந்தப் பக்கம் ஏதோ உருண்டு விழுந்த சத்தம் கேட்டது. அண்ணன் "ஏய், ஏய்" என்றான். பிறகு ஒரு தடவை அடிவயிற்றிலிருந்து ஊளையிட்டான். என் காலடியில் ஜெயசீலனும் அப்படித்தான் ஊளையிட்டுக்கொண்டிருந்தான்.

"அண்ணி?" என்றேன். "அண்ணி, ஒங்களுக்கு ஒண்ணும் ஆவலியே? புள்ள?"

மூச்சு வாங்குவது மட்டும் கேட்டது. பிறகு திலகவதி பேசினாள்.

"புள்ள ஒதைக்குது அண்ணி. போனு இப்ப என் கையில இருக்கு."

"எங்கண்ணன்?"

"கீழ கெடக்குறாரு," என்றாள். "சோத்துக் கைதான் அண்ணி. நீங்க எங்கண்ணனுக்குப் போட்ட அதே எடம்."